கொச்சி யூதருக்கு நான் மதுரை காட்டிய கதை

அந்தக் காலத்தில் மதுரைக்கு வரும் மிஷன் விருந்தாளிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. யாரும் கொடுத்ததல்ல, நானாக எடுத்துக்கொண்டது. மிஷன் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரமும் வேதபாடமும் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு வகுப்பிலும் கேள்வி கேட்கிற பையன்கள் குறைவு. அதனால் இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் என்னிடம் வளர்ந்திருந்தது. விருந்தாளி வந்தால் தலைப்பாகை கட்டிக்கொண்டு முன்னால் நடப்பேன். நாயக்கர் மகாலின் தூண் எவ்வளவு பருமன் என்று காட்ட அதைக் கட்டிப்பிடிப்பேன். எந்த ராஜா எப்போது ஆண்டான் என்பது மறந்துபோனால் வாயில் வந்த வருஷத்தைச் சொல்வேன். அவர்களும் மரியாதையாகக் குறித்துக்கொள்வார்கள்.

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பு ஒருநாள், பள்ளித் தலைவரான வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டார். கொச்சியிலிருந்து ஒரு யூதர் வருகிறாராம். மதுரையில் தம்மவர் யாராவது இருந்த அடையாளம் உண்டா என்று பார்க்க விரும்புகிறாராம். கொச்சியிலுள்ள துரையின் நண்பர் ஒருவர் சொல்லியனுப்பியிருக்கிறார்.

“உமக்கு ஏதாவது தெரியுமா?” என்று துரை கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல அரை விநாடி போதும். நானோ, “ஏராளமாக இருக்கிறது, ஐயா” என்றேன்.

யூதர் என்றால் எனக்கு மனதில் ஓர் உருவம் உண்டு. பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு நான்தான் வேஷம் கட்டிவிடுகிறவன். பஞ்சுத் தாடி, போர்வை அங்கி, கையில் தடி. இந்த மூன்றும் இருந்தால் யூதர். ரயில் நிலையத்துக்கு மல்லிகை மாலையோடு போய் நின்றேன். வண்டி வந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து வயிறு வரை வெண்தாடி இறங்க, முழங்கால் வரை வெள்ளை அங்கி அணிந்த ஒரு பெரியவர், தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஓடிப்போய் மாலையைப் போட்டேன். வகுப்பில் பேசுகிற வேதத் தமிழில், “தேவரீர் யூத கோத்திரத்தாரோ?” என்று கேட்டேன்.

“நான் திண்டுக்கல்லுய்யா. சுருட்டு யாவாரம்” என்றார் அவர்.

மாலையைத் திருப்பி வாங்குவது எப்படி என்று நான் விழித்துக்கொண்டு நிற்க, அவர் அதை மோந்து பார்த்து, “நல்ல பூவு. அப்ப வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்தில் ஒருவர் குடையும் தகரப் பெட்டியுமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி, குளோஸ் கோட்டு, மழித்த முகம். என்னைவிடச் சற்றுக் கறுப்பு. தபாலாபீஸ் குமாஸ்தா என்று நினைத்தேன்.

“மாஷே,” என்றார், வாத்தியாரைக் கூப்பிடும் மலையாள வழக்கத்தில். “யூதன் ஞானாக்கும்.”

அவருக்கு நாற்பது வயதிருக்கும். கப்பல் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். அவருடைய தாத்தாக்களும் அவர்களுடைய தாத்தாக்களும் கொச்சியிலேயே பிறந்து கொச்சியிலேயே மண்ணானவர்கள். மலையாளம் கலந்த தமிழ் நன்றாகவே பேசினார். ஜட்காவில் ஏறியதும், “மாஷே, ஞான் வந்தது எதுக்கென்னால்…” என்று ஆரம்பித்தார்.

“எல்லாம் தெரியும். துரை சொல்லிவிட்டார்” என்று அவரை அடக்கினேன்.

நேராகப் பள்ளியின் மியூசியத்துக்கு அழைத்துப்போனேன். மியூசியம் என்பது நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை. இரண்டு கண்ணாடி அலமாரி. ஒரு புட்டியில் பாம்பு, சில கற்கள், கண் இரண்டும் உதிர்ந்துபோன பாடம் செய்த மயில். மயிலைக் காட்டி, சாலமோன் ராஜாவின் அரண்மனைக்கு மயில் அனுப்பியது எங்கள் பாண்டிய நாடுதான் என்றும், மயிலுக்கு எபிரேயத்தில் வழங்கும் சொல் எங்கள் ‘தோகை’ என்றும் விரிவாகச் சொன்னேன். அவர் மயிலின் வாலிலிருந்து உதிர்ந்த தூசியைத் துடைத்துக்கொண்டார்.

“மாஷே, ஞான் வந்தது…”

“இருங்கள், இனிமேல்தான் முக்கியம்” என்று அடுத்த அலமாரியைத் திறந்தேன். வைகை மணலில் அகப்பட்ட பழைய செப்புக் காசுகள். ஒரு காசை அவர் உள்ளங்கையில் வைத்து, “இது உங்கள் முன்னோர் மதுரைக்குக் கொண்டுவந்தது. தொட்டுப் பாருங்கள்” என்றேன். 

அவர் ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பார்த்தார். “இது ரோமராஜாவின்றெ தலையல்லே?”

“ஆமாம்.”

“எங்கட வலிய பள்ளியை, எருசலேம் தேவாலயத்தை இடிச்சு, எங்களை நாட்டை விட்டுத் துரத்தியது இந்தக் கூட்டமாக்கும்” என்று மெதுவாகச் சொல்லி, காசை இருந்த இடத்தில் வைத்தார். முகத்தில் கோபமில்லை. பல் வலிக்காரர் முன் பலகாரத் தட்டை நீட்டினால் எப்படி மறுப்பாரோ அப்படி ஒரு பணிவு.

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பான். எனக்கு இன்னும் ஓர் அடையாளம் கையில் இருந்தது. தெற்கு மாசி வீதியில் ஒரு வீட்டு வாசல் நிலைக்கு மேல் அறுகோண நட்சத்திரம் இருந்ததை எப்போதோ பார்த்திருந்தேன். வெயிலில் அவரை நடத்திக் கூட்டிப்போய் அந்த வீட்டு முன் நிறுத்தி, “தாவீதின் நட்சத்திரம்!” என்று குடையால் சுட்டினேன். சத்தம் கேட்டு அந்த வீட்டு அம்மாள் ஈரக்கையோடு வெளியே வந்தார்.

“என்னய்யா, வீட்டு வரியா?”

“இல்லம்மா. இந்த நட்சத்திரம் எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறது?”

“அதுவா? போன சஷ்டிக்கு எங்க வீட்டுக்காரர் வரைஞ்சாரு. முருகனுக்கு. ஏன், கோணலா இருக்கா?”

“நன்னாயிட்டுண்டு அம்மா” என்றார் கொச்சிக்காரர். நான் வாயைத் திறப்பதற்குள், கும்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தோம். என் மனைவி மிஷன் சார்பில் தெற்குவாசல் பக்கம் முஸ்லிம் வீடுகளுக்குப் போய்ப் பெண்களுக்குத் தையலும் எழுத்தும் சொல்லிக்கொடுத்து வந்தாள். ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் நூறு பேர் என்றால், என்னைப் பார்த்ததும் அவளை விசாரிப்பவர்களே அதில் பாதி. அன்று விருந்தாளிக்கென்று அயிரை மீன் குழம்பு வைத்திருந்தாள். இலையில் பரிமாறியதும் அவர் ஒரு மீனை விரலால் புரட்டிப் பார்த்தார்.

“இதுக்கு செதும்பல் உண்டோ?”

எனக்குப் புரியவில்லை. உப்பு கேட்கிறார் என்று நினைத்து உப்பை நகர்த்தினேன். அவள் அவர் விரலைப் பார்த்தாள்.

“செதிலா? அயிரைக்கு ஏதுண்ணே செதிலு” என்றவள், இலையை அப்படியே எடுத்துவிட்டாள். “செதிலும் துடுப்பும் இல்லாதத நீங்க தொடமாட்டீங்கல்ல. கறியும் நம்ம பக்கத்துல அறுத்தது ஆகாது. அஞ்சு நிமிசம் இருங்க, முட்டை போட்டுத் தாரேன்.” பிறகு என் பக்கம் திரும்பி, “வருசா வருசம் வேதத்துல அந்தப் பாடத்த இந்த வீட்டுல சத்தம் போட்டுப் படிக்கிறது நீங்கதான?” என்றாள்.

படிக்கிறது நான்தான். கேட்டுக்கொண்டிருந்தது அவள் என்பது அன்றுதான் தெரிந்தது.

முட்டையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “அண்ணே, எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீங்க?”

அவ்வளவுதான். காலையிலிருந்து அவர் திறக்கப் பார்த்த கதவு திறந்துகொண்டது.

அவருடைய அப்பா ஏலமும் பட்டையும் சந்தனத் தைலமும் கொண்டுவந்து மதுரையில் விற்பவர். தெற்குவாசலில் ஒரு ராவுத்தரின் அத்தர் கடைக்குத்தான் சரக்கு. வரும்போதெல்லாம் அவர் வீட்டிலேயே தங்குவார். இவர் சிறுபிள்ளையாக இருக்கும்போது ஒருமுறை வந்த இடத்தில் பேதி கண்டு இறந்துபோனார். செய்தியைத் தந்தியில் சொல்ல மனமில்லாமல் அந்த ராவுத்தரே கொச்சிக்குப் போயிருக்கிறார். இவர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் வழக்கப்படி ஏழு நாள் துக்கத்துக்குத் தரையில் உட்கார்ந்தவரால் வெளியே வர முடியவில்லை. மருதாணிச் சிவப்பில் தாடி வைத்த ஓர் ஆள் நடுத்தெருவில் நின்று தேம்பித் தேம்பி அழுததுதான் இவருக்கு நினைவில் இருக்கிறது. அந்த ராவுத்தரின் பேரும் தெரியாது. வீடும் தெரியாது.

“அச்சன்றெ குழி எவிடென்னு கண்டுட்டுப் போகணும். அம்மை கேட்டுக்கொண்டே இருக்காள்” என்றார்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். தகப்பனின் சமாதியைத் தேடி வந்த மனிதருக்கு, கண்ணில்லாத மயிலைக் காட்டியிருக்கிறேன்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே?” என்று என் வாய் கேட்டது. அந்த வாயை என்ன செய்வது?

மனைவி ஏற்கெனவே குடையை எடுத்துவிட்டாள். “நானும் வாரேன். நீங்க ரெண்டு பேரும் கடை கடையா ஏறி எறங்கினா மழைக்காலம் வந்துரும்.”

ஆனாலும் முன்னால் நடந்தது நான்தான். தெற்குவாசலில் முதலில் தெரிந்த அத்தர் கடையில் ஏறி, “இங்கே ஒரு யூதர் காலமானாரா?” என்று கேட்டேன். கடைக்காரர் பதறிப்போய், “இங்கயா? எப்பண்ணே? காலையில நான்தான கடை தொறந்தேன்!” என்று உள்ளே எட்டிப் பார்த்தார். அதற்குள் மனைவி காஜிமார் தெருச் சந்து ஒன்றில் நுழைந்து, தன்னிடம் தையல் கற்ற பெண் ஒருத்தியின் வீட்டில் விசாரித்து, அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு வாசலில் ஒருவர் கைலியைச் சரிசெய்தபடி எங்களுக்காகக் காத்து நின்றார். அழுத ராவுத்தரின் மகன். ராவுத்தர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. இப்போது கடை மகனுடையது.

அவர் கொச்சிக்காரரைப் பார்த்தார். பெயர் கேட்கவில்லை. “அத்தா சொல்லிக்கிட்டே இருப்பாக, அந்தப் புள்ள ஒருநா வரும்னு” என்று சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

கூடத்தில் உட்கார்ந்தோம். திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய அக்கா பேசினார். சம்பவம் நடந்தபோது கல்யாணத்துக்கு நிற்கிற பெண்.

“அவுக எங்க வீட்டுக் கறிய திங்கமாட்டாக. கொல்லையில அடுப்பு மூட்டி அவுகளே பொங்கிக்குவாக. அதுக்குன்னு தனிப் பாத்திரம். பேதி கண்டு படுத்ததும் அத்தா பக்கத்தவிட்டு எந்திரிக்கல. கடைசில என்னமோ ஒரு பாஷையில ஓதுனாக. அத்தாக்கு வெளங்கல. ஆனா ஆண்டவனத்தான் கூப்புடுறாகன்னு வெளங்குச்சாம்.”

 திரையின் கீழ்ப்பக்கமாக ஒரு கை, சின்னப் பித்தளைப் பாத்திரம் ஒன்றைக் கூடத்துக்குத் தள்ளியது. ஈயம் பூசி, துலக்கி, பளபளவென்று இருந்தது.

“இதுல நாங்க ஆக்கல. யாருக்கும் குடுக்கல. நோம்புப் பெருநாளுக்குப் பாத்திரமெல்லாம் தேய்க்கிறப்ப இதையும் தேச்சு வச்சிருவேன்.”

கொச்சிக்காரர் அதைக் கையில் எடுத்தார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். உள்ளே என்ன இருக்கும்? ஒன்றுமில்லை. ஆனாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மியூசியத்தில் நான் காட்டிய எதையும் அவர் அப்படிப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மனைவி என் காலைத் தன் காலால் அழுத்தினாள்.

வெயில் தாழ்ந்ததும் தெற்குவாசலைத் தாண்டி வில்லாபுரம் போகும் வண்டிப்பாதையில் நடந்தோம். அப்போது அங்கே வயலும் கண்மாயும்தான். ராவுத்தர் குடும்பத்துக்கு அங்கே ஒரு தென்னந்தோப்பு. அதன் மூலையில், வேலியோரம் ஒரு மேடு. தலைமாட்டில் ஒரு கருங்கல். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

“எங்க கபரஸ்தான்ல வைக்கலாமா, அவுக முறை என்னன்னு அத்தாக்குக் கொழப்பம். தப்பாப் போயிரக் கூடாதுன்னு நம்ம தோட்டத்துலயே வச்சாக. கல்லுல என்ன எழுதன்னும் தெரியல. எழுத்துத் தெரிஞ்சவுக வர்ற வரைக்கும் சும்மா இருக்கட்டும்னுட்டாக” என்றார் மகன்.

கொச்சிக்காரர் கோட்டுப் பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். இறந்தவர்களுக்காகச் சொல்லும் ஒரு ஜெபம் உண்டாம். ஆனால் பத்து ஆண்கள் கூடி நின்றால்தான் சொல்லலாமாம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“பத்துப் பேர்தானே? நான் இருக்கிறேன், இவர் இருக்கிறார். ஹாஸ்டலுக்கு ஆளனுப்பினால் வாத்தியார்கள் அரை மணியில் வந்துவிடுவார்கள். இருவருக்கு எபிரேய எழுத்துகூடத் தெரியும்.”

அன்று அவர் முதல்முறையாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “மாஷே, பத்து யூதர் வேணும்.”

பிறகு தனியாகச் சொல்லக்கூடிய வேறொரு ஜெபத்தை ராகத்தோடு சொன்னார். ராவுத்தர் மகன் இரண்டு உள்ளங்கையையும் ஏந்தி நின்றார். என் மனைவி முக்காடிட்டுத் தலைகுனிந்து நின்றாள். நான், அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், முடிந்துவிட்டதென்று நினைத்து “ஆமென்” என்றேன். உரக்க. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தார். அடுத்த முறை நிறுத்தியபோதும் சொன்னேன். உண்மையாக முடிந்தபோது, இனி சொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கல்லில் எழுத வேண்டியதை அன்று மாலையே அவர் ஒரு தாளில் எழுதினார். மறுநாள் காலை அவருடைய ஜெபம் முடிய நேரமாகும் என்பதால், கல்தச்சரை அழைத்துக்கொண்டு நான் முந்திப் போகிறேன் என்றேன். மனைவி தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். தடுக்க ஆளில்லை.

ராவுத்தர் மகனும் தச்சருமாகக் கல்லைப் பெயர்த்துக் கிடத்தினார்கள். தச்சர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல எது மேல, எது கீழங்கய்யா?” என்றார்.

ஒன்றுக்கு நூறாகச் சரித்திரம் சொன்ன எனக்கு இதுவா தெரியாது? தாளை வாங்கிப் பார்த்து, ஒரு பக்கமாகத் திருப்பி, “இப்படி” என்று நீட்டினேன். அவரும் கரித்துண்டால் அப்படியே கல்லில் வரைந்துகொண்டு செதுக்க ஆரம்பித்தார்.

ஒரு வரி முடிந்திருக்கும், கொச்சிக்காரர் வந்தார். கல்லைச் சுற்றி ஒருதரம் நடந்தார். கால்மாட்டில் போய் நின்று குனிந்து பார்த்தார்.

“நன்றாக வந்திருக்கிறதா?” என்று கேட்டேன்.

“நன்னாயிட்டுண்டு மாஷே. தலைகீழாக்கும்.”

தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்தக் கல் முப்பது வருஷமாக வெறுமையாகக் காத்துக்கிடந்தது. அது என் பொறுப்பில் இருந்தது ஒரு காலை நேரம்தான்.

ராவுத்தர் மகன்தான் யோசித்துப் பேசினார். “ஏண்ணே, கல்லு இன்னும் நடலைல்ல? அடியில இருந்தத மேல வச்சு நட்டா எழுத்து நேராத்தான நிக்கும்?”

எல்லோரும் கல்லைப் பார்த்தோம். தலையைச் சாய்த்துப் பார்த்தோம். சரிதான். செதுக்கியது கடைசி வரி. திருப்பினால் அது கீழே இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கும். மேலே விட்டிருந்த வெற்றிடம் மண்ணுக்குள் போகும்; மண்ணுக்குள் கிடந்த முனையை மட்டும் தேய்த்துச் சரிசெய்தால் போதும். அப்படியே வேலை முடிந்தது. எழுத்து மிக அழகாக வந்தது என்று கொச்சிக்காரர் சொன்னார். இன்றைக்கும் அந்தத் தோப்பில் ஒரு கல்லின் தலை மண்ணுக்குள்ளும் கால் ஆகாயத்திலும் நிற்கிறது என்றால் அது என் கைங்கரியம்.

பாத்திரத்தைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு அவர் ஊர் திரும்பினார். யூத அடையாளங்கள் பற்றி என்ன காட்டினீர் என்று துரை கேட்டபோது, தெற்குவாசல் பக்கம் சில இருந்தன என்று மட்டும் சொன்னேன். அவர் மேலே கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை.

மறுவருஷம் மழை ஓய்ந்ததும் அவர் தம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். உயரமான, வயதான அம்மாள், நடையில் தளர்வில்லை. காலையில் தோப்புக்குப் போய்விட்டு, மத்தியானம் ராவுத்தர் வீட்டுக்குப் போனோம். சாயங்கால வண்டியில் அவர்கள் திரும்ப வேண்டும். அம்மாளும் என் மனைவியும் திரைக்குள் போய்விட, நானும் போய் வாசலருகே நின்றேன். அந்த அம்மாளுக்கு மலையாளம். ராவுத்தர் மகளுக்குத் தமிழ். நடுவே ஆள் வேண்டாமா? எனக்கு மலையாளம் தெரியாதுதான். ஆனாலும் ஆண்பிள்ளை, வாத்தியார்.

“மொழிபெயர்க்க நான் வேண்டுமானால்…” என்று திரையைப் பார்த்துச் சொன்னேன்.

“கடையில போய் உக்காருங்க” என்று மனைவியின் குரல் வந்தது.

போய் உட்கார்ந்தேன். கொச்சிக்காரரும் ராவுத்தர் மகனும் சந்தனத் தைலத்தின் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டது, பிறகு சிரிப்பு, பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். எந்த மொழியில் பேசினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வண்டிக்கு நேரமாகிறது என்று இரண்டு தரம் குரல் கொடுத்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. சரி, வண்டி வழக்கம்போலத் தாமதமாக வந்தாலும் வரும், விசாரித்து வருகிறேன் என்று ஜட்கா பிடித்து நிலையத்துக்கு ஓடினேன். அன்றைக்கென்று பார்த்து வண்டி சரியான நேரத்துக்கு வந்து, என் கண்முன்னே புறப்பட்டுப் போனது.

தெற்குவாசலுக்குத் திரும்பி வந்து, மூச்சு வாங்க, வண்டி போய்விட்டது என்று அறிவித்தேன்.  அந்த வீட்டு அக்கா கொல்லைப் பக்கம் பார்த்து, ராத்திரிச் சமையலுக்கு இன்னும் கொஞ்சம் விறகு எடுத்துவரச் சொன்னார்.